திண்ணை முதல் கொல்லை வரை

 

இல்லத்தை அழகுபடுத்துவது எப்படி என்று கேட்டால் நம்மில் பலருக்கும் உடனே நினைவுக்கு வருபவை திரைச்சீலை, சோபா, கண்ணாடி அலமாரி, சுவரில் மாட்டும் பொருள்கள் ஆகியவையே. கடையில் விலை கொடுத்து வாங்குவதையே அலங்காரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நானும் அப்படி எண்ணியவன்தான். அந்த எண்ணம் என் வீட்டில் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருவண்ணாமலையின் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு. வாசலின் இருபுறமும் திண்ணை, நடுவே சிறு முற்றம், பின்னால் கிணற்றடியும் கொல்லையும். தங்கையின் நிக்காஹ் நிச்சயமானபோது, மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர நல்லதொரு ‘ஹால்’ வேண்டும் என்று உறவினர் அனைவரும் கூறினர். கடன் வாங்கினோம். திண்ணைகளைச் சுற்றிச் சுவர் எழுப்பி முன்னறையாக்கினோம். முற்றத்தின் மேல் தகடு போட்டு மூடினோம். பளபளக்கும் தரைக்கல்லும் கண்ணாடி அலமாரியும் வந்தன. பார்த்தவர்கள் பாராட்டினர். எங்களுக்கும் பெருமையாகவே இருந்தது.

ஆனால், அஸர் தொழுகை முடிந்ததும் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவுவது என் தாயாரின் வழக்கம். தெருவில் போகும் பெண்கள் ஜாதி, மதம் பாராமல் அவரருகே சற்று அமர்ந்துவிட்டுப் போவார்கள். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிவிட்டுத் தெருவழியே திரும்பும் மக்களுக்காகத் திண்ணை ஓரத்தில் மண்பானையில் தண்ணீர் வைத்திருப்பார். திண்ணை போனது, பானையும் போனது. தாயார் உள்ளறைக் கட்டிலுக்குப் போனார். கோடையில் மூடிய முற்றம் அடுப்புப் போல் கொதித்தது. ஒருநாள் இரவு விசிறிக்கொண்டே அவர் சொன்னார்: “வீடு ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா ஒருத்தரும் வர்றதில்லையே.”

அந்தச் சொல் என்னை வெகுநாள் உறங்கவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, கடன் அடைந்த பின், ஒருபுறத் திண்ணையின் சுவரை இடித்தோம். முற்றத்தின் தகட்டையும் அகற்றினோம். கட்டுவதற்கு ஒரு செலவு, இடிப்பதற்கு ஒரு செலவு! இந்த அனுபவம் உங்களுக்கு நேர வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இல்லம் எதற்கு?

இல்லங்களை மனிதர் அமைதி பெறும் இடங்களாக ஆக்கியதை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் குறிப்பிடுகிறான். விசாலமான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் மனிதனின் நற்பேறுகளில் சேர்த்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். வீடும் அண்டை வீட்டாரும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுவதைக் கவனியுங்கள். ஆகவே, எந்தப் பொருளை வாங்கினாலும், எந்தச் சுவரை எழுப்பினாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கு வசிப்பவருக்கு இதனால் என்ன சுகம்? இங்கு வருபவருக்கு இதனால் என்ன சுகம்? இரண்டுக்கும் விடை இல்லையெனில் அச்செலவு வேண்டாம்.

முதல் அலங்காரம் குளிர்ச்சி

திருவண்ணாமலை பாறையும் வெயிலும் நிறைந்த ஊர். பகலெல்லாம் சூடேறிய மலைப்பாறை இரவிலும் அனலை விடுகிறது. இத்தகைய ஊரில் வியர்த்துக் கொட்டும் அறையை எவ்வளவு அலங்கரித்தாலும் அதில் யாரும் அமரமாட்டார்கள்.

வெயிலைச் சன்னலுக்கு உள்ளே தடுப்பதைவிட வெளியே தடுப்பதே சிறந்தது. கனமான திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டால், கண்ணாடி வழியே வெப்பம் அறைக்குள் நுழைந்த பிறகே அது மறைக்கும். அதற்குப் பதில் மேற்குச் சன்னலின் வெளிப்புறம் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுங்கள். வெட்டிவேரில் மாலை வேளை நீர் தெளித்தால் குளிர்ச்சியோடு மணமும் வரும்.

மொட்டை மாடிக்குக் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். இத்தகைய வெண்கூரையின் கீழ் அறையின் வெப்பம் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையும். தெலங்கானா மாநில அரசு 2023-ல் குளிர்கூரைக்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது. நம் முன்னோர் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்ததன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா?

முற்றம் உள்ளவர்கள் அதை மூடிவிடாதீர்கள். இரவின் குளிர்காற்று கனமாக இருப்பதால் முற்றத்தில் இறங்கித் தங்கும். காலையில் அதுவே அறைகளுக்குள் பரவும். டமாஸ்கஸ், கெய்ரோ நகரங்களின் பழைய வீடுகளும் இம்முறையிலேயே கட்டப்பட்டன. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் பஃத்ஹீ (1900 - 1989) ஏழை மக்களுக்கு மண் செங்கல்லால் வீடு கட்டும் முறையை வகுத்தபோது முற்றத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பாதுகாப்புக்கு அஞ்சுவோர் முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி வலை இடலாம். காற்றும் வெளிச்சமும் தடைபடா.

கூடத்தில் குறைவே நிறைவு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் வரைந்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபிகளார் (ஸல்) அதை விரும்பவில்லை. அன்னையார் அதை எடுத்துத் தலையணைகளாக்கினார்கள் என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. இதில் மார்க்கச் சட்டத்தோடு இல்லத்தரசிகளுக்கு ஒரு பாடமும் இருக்கிறது. துணி வீணாகவில்லை, சாய்ந்துகொள்ள உதவும் பொருளாயிற்று. பழைய சேலையும் திரையும் உங்கள் வீட்டில் இருக்குமே! திண்டு உறையாக, கால்மிதியாக, ஒட்டுத்துணி விரிப்பாக மாற்றுங்கள். கடையில் வாங்கியவற்றைவிட அவை அழகாகவே இருக்கும்.

கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. நம் கூடங்களில் உள்ள நாற்காலிகளை இந்தக் கணக்கில் எண்ணிப் பாருங்கள்! யாரும் அமராத சோபா இடத்தை அடைத்து, தூசியைச் சேர்த்து, குழந்தைகளின் ஓட்டத்தைத் தடுக்கிறது. கூடத்தின் நடுவிடத்தை வெறுமையாக விடுங்கள். ஜமாஅத்தாகத் தொழவும், ஸஹன் விரித்து உண்ணவும், குழந்தைகள் ஓதவும் அந்த வெற்றிடமே உதவும்.

சுவர்களில் மாடம் இருந்தால் அடைக்காதீர்கள். அதில் ஒரு விளக்கோ ஒரு பூச்சாடியோ போதும். திருவசனம் எழுதிய சட்டம் மாட்டுவோர் ஒன்றே ஒன்றை, கண்ணுக்கு நேரான உயரத்தில், எழுத்து தெளிவாகத் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். நான்கு சுவரிலும் மாட்டினால் எதையும் எவரும் படிப்பதில்லை.

கிப்லாச் சுவரை மட்டும் தனியே கவனியுங்கள். நம் ஊரில் கிப்லா நேர்மேற்கிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்திருக்கிறது. கோலமிட்ட மேலாடை ஒன்று தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால் நபிகளார் (ஸல்) அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்கள். எனவே அப்பக்கத்தில் கண்ணாடி, படநாள்காட்டி, தொலைக்காட்சிப் பெட்டி எதுவும் வேண்டாம். மங்கலான ஒற்றை வண்ணம் பூசி, கீழே முஸல்லாக்களை மடித்துவைக்க ஒரு சிறு பலகை அமையுங்கள். வீட்டிலேயே அமைதியான மூலை அதுவாகிவிடும்.

நம்மவர் நெய்த பாய்

விரிப்பு வாங்குவதாயின், நெல்லை மாவட்டத்துப் பத்தமடையை நினையுங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, அவ்வூரின் லெப்பை முஸ்லிம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகின்றனர். அவற்றுள் மிக நுண்ணியதைப் பட்டுப்பாய் என்பர், துணிபோல் மடித்துவைக்கலாம். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. நெகிழிப் பாய் வெயிலில் சூடேறும். கோரைப்பாய் உடலுக்குக் குளிர்ச்சி தரும். பயன்படுத்தியபின் சுருட்டி, நிழலில் காற்றாட நிறுத்திவைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு பாயை நீங்கள் வாங்கும்போது ஒரு தறி ஓய்ந்துபோகாமல் காக்கிறீர்கள்.

தரையை மாற்ற எண்ணுவோர் சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கற்களைப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து ஆக்கப்படுபவை அவை. பூவும் கொடியும் கோணங்களுமே அவற்றின் கோலங்களாதலால் நம் இல்லங்களுக்கு நன்கு பொருந்தும். நாள்தோறும் துடைக்கத் துடைக்க மெருகு கூடும். பழைய சிவப்புத் தரை இன்னும் இருக்குமானால், அதை உடைக்காதீர்கள். நீரில் சில துளி தேங்காய் எண்ணெய் கலந்து துடைத்து, உலர்ந்த துணியால் தேயுங்கள். முகம் பார்க்கலாம்! எண்ணெய் மிகுந்தால் வழுக்கும். முதியோர் உள்ள வீட்டில் கவனம் தேவை.

ஒளு நீரில் ஒரு தோட்டம்

வீட்டுக்கு வெளியே வருவோம். நபிகளார் (ஸல்) ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் ஒளு செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பல மடங்கு செலவிடுகிறோம். செலவாகும் நீரையேனும் சாக்கடைக்கு விடாமல் சிறு வாய்க்கால் வழியே கொல்லைக்குத் திருப்புங்கள். சோப்பு கலவாத ஒளு நீர் வாழைக்கும் மருதாணிக்கும் ஏற்றது. ஒருநாளைக்கு ஐந்து வேளையும் தவறாமல் நீர் பெறும் தோட்டம் வாடுமா?

கொல்லையில் மருதாணி, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை ஆகியன நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் தாங்கும். மருதாணி இருந்தால் பெருநாள் இரவுக்குக் கடைக் குழாயைத் தேடவேண்டியதில்லை. அரைத்த இலையின் சிவப்பு வேறுதான். மேற்குச் சுவரோரம் இடம் இருப்பின் வேம்போ புங்கமோ நடுங்கள். ஆனால் அடித்தளத்தை வேர் தாக்காதபடி போதிய தூரம் விடுங்கள். இடமே இல்லாதோர் மாடியில் பழைய வாளியிலும் சாடியிலும் புதினா, கொத்தமல்லி, மல்லிகை வளர்க்கலாம். சாடியின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் தவறாமல் கொட்டிவிடுங்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு ஒரு வாரத்தில் அதில் வளர்ந்துவிடும்.

இத்தனை வெயிலில் மரம் வளருமா என்று ஐயுறுவோர் எங்கள் மலையைப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் பெரும்பகுதி மொட்டையாக நின்ற அதன் சரிவுகளில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆர்வலர்கள் கன்றுகள் நட்டு, தீயிலிருந்து காத்து வளர்த்தனர். இன்று அச்சரிவுகள் பசுமையாகத் தெரிகின்றன. பாறையில் முளைத்த மரம் உங்கள் கொல்லையில் முளைக்காதா?

மீண்டும் திண்ணைக்கு

1989-ல் மாவட்டத் தலைநகராகவும், 2024-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்த எங்கள் ஊரில் நிலத்தின் விலை ஏறிவிட்டது. திண்ணைகள் கடைகளாகவும் வாகனம் நிறுத்தும் இடங்களாகவும் மாறுகின்றன. “எங்கள் வீட்டில் பெண்கள் இருக்கிறார்களே, திறந்த திண்ணை எப்படிச் சரியாகும்?” என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. அதற்கும் வழி உண்டு. அரபு நாட்டுப் பழைய வீடுகளில் ‘மஷ்ரபிய்யா’ என்னும் மரப்பின்னல் சாளரம் இருக்கும். உள்ளிருப்போர் வெளியே காணலாம். வெளியிலிருப்போர் உள்ளே காண இயலாது. பருகுதல் என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். காற்றில் குளிர்வதற்காக அதில் தண்ணீர்ப் பானைகளை வைப்பார்களாம்! திண்ணையின் ஒரு பாதியில் மூங்கில் தட்டியோ துளைச் செங்கல் சுவரோ அமைத்தால் பெண்கள் நாணமின்றிக் காற்று வாங்கலாம். மறுபாதி வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் திறந்திருக்கட்டும். மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் கதவருகே ஒரு சிறு பெஞ்சும் ஒரு கூஜாத் தண்ணீரும் வைக்கலாமே!

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். சுவரை இடித்த அன்று மாலையே என் தாயார் கீரைக்கட்டோடு வந்து அமர்ந்துவிட்டார். நான்கு வீடு தள்ளியிருக்கும் பாட்டி ஒருவர், “எங்கே போயிருந்தீங்க இத்தனை நாளா?” என்று கேட்டபடி அருகில் அமர்ந்தார். தாயார் எங்கும் போகவில்லை. அதே வீட்டுக்குள்தான் இருந்தார்! அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் அந்தத் திண்ணையில் இருந்தார். அவர் மறைந்த அன்று, பெயர் தெரியாத எத்தனையோ பேர் அத்திண்ணையில் அமர்ந்து எங்கள் துயரைப் பகிர்ந்துகொண்டனர். கண்ணாடி அலமாரி அன்று யார் கண்ணிலும் படவில்லை.

மண்பானை இன்றும் அங்கேயே இருக்கிறது. பௌர்ணமி அன்று அதை இருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. என் பிள்ளைகள் நிரப்புகிறார்கள்.

சகோதர, சகோதரிகளே! இவ்வாரம் ஒருநாள் உங்கள் வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை மெல்ல நடந்து பாருங்கள். எதை வாங்கலாம் என்று பார்க்காதீர்கள். எதைத் திறக்கலாம், எதை அகற்றலாம், எங்கே ஒரு கன்று நடலாம் என்று பாருங்கள். நம் இல்லங்களை அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.