வேலியே மதிலான புறநகர்

லண்டனின் வடமேற்கே உள்ள ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகர், நிலத்தடி ரயில் வந்து சேர்ந்தால் அதன் பின்னே நெருக்கமான வீட்டு வரிசைகளும் முளைத்துவிடும் என்பதை முன்னுணர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி ஹென்றியேட்டா பார்னெட் அம்மையாரின் முயற்சியால், ஈட்டன் கல்லூரியிடமிருந்து வாங்கப்பெற்ற 243 ஏக்கர் நிலத்தில் 1907ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கியது. தோட்டப் புறநகர் என்பது, மரங்களையும் திறந்தவெளிகளையும் முதலில் கருதி, அவற்றுக்கு இசைய வீடுகளை அமைக்கும் குடியிருப்பாகும். ஏக்கருக்குச் சராசரியாக எட்டு வீடுகளே இருக்க வேண்டும், வீட்டெல்லைகளில் மதிலுக்குப் பதிலாகச் செடிவேலியே அமைய வேண்டும், சாலையோரங்களில் மரம் நிற்க வேண்டும், ஓய்வைக் குலைக்கும் தேவாலய மணியோசை கூடாது என்றெல்லாம் விதிக்கப்பட்டது; மதுக்கடைக்கும் இடமில்லை. அன்றைய கட்டட விதிகள் அகன்ற தெருக்களையே வற்புறுத்தியமையால், திட்ட வடிவமைப்பாளர் ரேமண்ட் அன்வின் விரும்பிய குறுகிய சாலைகளையும் முட்டுச்சந்துகளையும், அதாவது மறுமுனையில் வழியின்றி முடியும் தெருக்களையும், அனுமதிப்பதற்கென்றே 1906இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்ற நேர்ந்தது. நடுச்சதுக்கத்தையும் அதன் இரு தேவாலயங்களையும் வடிவமைத்தவர், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தைப் பின்னர் புது தில்லியில் எழுப்பிய எட்வின் லட்யன்ஸ். எல்லா வருவாய்ப் பிரிவினரும் அருகருகே வாழ வேண்டும் என்பதே அம்மையாரின் முதல் நோக்கம். ஆயினும், அவர் நட்டு வளர்த்த பசுமையே மனை விலையை ஏற்றிவிட, தொழிலாளர்களுக்கெனக் கட்டப்பட்ட சிறு வீடுகளும் இன்று செல்வர்க்கே எட்டுவனவாகிவிட்டன.