தலைவலிக்குப் பிராணவாயு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

2021ஆம் ஆண்டுக் கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கியபோது, பல குடும்பங்கள் சேமிப்பைக் கரைத்து ஆக்சிஜன் செறிவூட்டிகளை வாங்கின. அவற்றுள் பல இன்று பழந்துணி போர்த்தப்பட்டுக் கட்டிலடியில் உறங்குகின்றன. தலைவலிக்கு ஆக்சிஜன் நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டவர்களுக்கு, அக்கருவியை எடுத்துப் பயன்படுத்தலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. விடை, தலைவலியின் வகையைப் பொறுத்தது. ஒரு வகைக்குப் பிராணவாயு முதல்நிலை மருந்து. மற்றொன்றில் அது உயிரையே காக்கும். நம்மில் பெரும்பாலோர்க்கு வரும் தலைவலிக்கோ அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

முதலாவது, கொத்துத் தலைவலி. ஆயிரத்தில் ஒருவரைப் பாதிப்பதாக மதிப்பிடப்படும் இந்நோய், மனிதர் அறிந்த வலிகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று. ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்துவது போன்ற வலி எழும். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும்; மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும்; இமை தாழும். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும் இவ்வலி, ஒரே நாளில் எட்டு முறை வரைகூட வரலாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இவ்வாறு கொத்தாக வந்து, பிறகு சுவடின்றி மறையும். நள்ளிரவில், கடிகாரம் வைத்தாற்போல் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுவதும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். இவரோ படுக்க இயலாமல் அறைக்குள் நடப்பார், தலையைச் சுவரில் மோதுவார். இந்த வேறுபாடே மருத்துவருக்குக் கிடைக்கும் சிறந்த துப்பு. எனினும் சைனஸ் என்றும் பல்வலி என்றும் எண்ணி, நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டோர் பலர். சரியான நோயறிதல் கிட்ட ஆண்டுகள் ஆவதும் வழக்கம். நம் கட்டுரையின் நோக்கமே அந்த ஆண்டுகளைக் குறைப்பதுதான்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பேயார்ட் ஹார்ட்டன் 1939இல் இந்நோயை விரிவாக விவரித்தார். நெடுங்காலம் இது அவர் பெயராலேயே வழங்கியது. 1981இல் லீ குட்ரோ, 52 நோயாளிகளுக்கு நிமிடத்திற்கு 7 லிட்டர் வீதம் 15 நிமிடம் தூய ஆக்சிஜன் கொடுத்து, நால்வரில் மூவருக்கு வலி தணிந்ததைப் பதிவு செய்தார். ஐயத்திற்கு இடமில்லாத சான்று 2009இல் பிரிட்டனில் கிடைத்தது. நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் ஆக்சிஜனைச் சுவாசித்த வேளைகளில் 78 விழுக்காட்டில் கால் மணி நேரத்திற்குள் வலி நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது. எது தரப்படுகிறது என்று அறியாமல் வெறுங்காற்றைச் சுவாசித்தபோது அது 20 விழுக்காடு மட்டுமே. முகத்தின் உணர்ச்சி நரம்பையும் கண்ணீரைச் சுரக்கச் செய்யும் நரம்புப் பாதையையும் ஆக்சிஜன் அமைதிப்படுத்துவதாக ஆய்வாளர் கருதுகின்றனர். சுமாட்ரிப்டான் ஊசியும் விரைந்து பயன் தரும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டிற்கு மேல் போடலாகாது, இதய நோயாளிகளுக்கு ஆகவும் ஆகாது. ஆக்சிஜனுக்கு இவ்விரு தடைகளும் இல்லை. எனினும் அது வந்த வலியைத்தான் தணிக்கும். வராமல் தடுக்க வெராப்பமில் போன்ற மருந்துகளை மருத்துவர் தனியே தருவார்.

இனிச் செறிவூட்டிக்கு வருவோம். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5 லிட்டர், சில 10 லிட்டர் தருபவை. தூய்மையும் 95 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கொத்துத் தலைவலிக்கு 12 முதல் 15 லிட்டர் வரை வேண்டும். அதையும் மூக்குக் குழாயால் அன்றி, பையுடன் கூடிய, வெளிவிட்ட காற்று திரும்பாத முகக்கவசம் வழியாகப் பெற வேண்டும். ஆகவே சிலிண்டரே பொருத்தம். கணக்கு எளிது: 12 லிட்டர் வீதம் 15 நிமிடத்திற்கு 180 லிட்டர். 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் எட்டு முறை வரும். வலி அடிக்கடி வருவோர்க்கு 7,000 லிட்டர் கொள்ளும் பெரியதே சிக்கனம். வாடகைக்கு எடுத்தால் முன்பணத்திற்கு ரசீது பெறுக. இதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்ட அளவும் முகக்கவச வகையும் மருத்துவர் சீட்டில் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் நன்று. வலி தொடங்கிய உடனே, நிமிர்ந்து அமர்ந்து சுவாசிக்கத் தொடங்க வேண்டும்; முற்றிய பிறகு பலன் குறையும்.

இந்நோயாளருள் புகைபிடிப்போர் மிகுதி என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்க்கு மிகுதியான ஆக்சிஜன் கேடு செய்யலாம். மருத்துவர் ஆய்ந்த பிறகே தொடங்க வேண்டும். சிலிண்டர் உள்ள அறையில் பீடி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது. நெற்றியில் எண்ணெய்ப் பசையுள்ள தலைவலித் தைலம் பூசிக்கொண்டு முகக்கவசம் அணிவதும் தீ ஆபத்துடையதே.

மன அழுத்தத்தாலும் கழுத்து இறுக்கத்தாலும் வரும் அன்றாடத் தலைவலிக்கு இச்சிகிச்சை தேவையற்றது. ஒற்றைத் தலைவலியில் சிலருக்கு ஓரளவு நிவாரணம் கிட்டியதாக ஆய்வுகள் கூறினும், மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ளுமளவு சான்று இல்லை. இடியென ஒரு நொடியில் உச்சம் தொடும் தலைவலியோ, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்ததோ, கை கால் தளர்ச்சியுடன் வருவதோ, சிலிண்டரைத் தேடும் நேரமல்ல. மருத்துவமனைக்கு விரையும் நேரம்.

லே போன்ற 3,500 மீட்டர் உயரத்து ஊருக்குத் தில்லியிலிருந்து விமானத்தில் போய் இறங்கியவரின் தலைவலியை ஆக்சிஜன் சில நிமிடங்களில் தணிக்கும். ஆயினும் தணிந்ததே என்று மேலும் ஏறுதல் தகாது. ஓய்வெடுக்க வேண்டும், அறிகுறி மிகுந்தால் கீழே இறங்க வேண்டும்.

வட மாநிலங்களின் குளிர்காலத்தில் மற்றோர் ஆபத்து உண்டு. மூடிய அறையில் மூட்டிய கரியடுப்பிலிருந்தும், காற்றோட்டமற்ற குளியலறையின் எரிவாயு கீசரிலிருந்தும் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரே வீட்டில் பலருக்கு ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்தால் இதையே முதலில் ஐயுற வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இந்நஞ்சைப் பிரித்தறியாது. அளவு சரி என்றே பொய் காட்டும். சாதாரணக் காற்றில் இரத்தத்தில் உள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். தூய ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். கதவைத் திறந்து அனைவரையும் வெளியே கொணர்ந்து, 108 அல்லது 112 எண்ணை அழைத்து, நஞ்சு எதுவென்று தாம் ஐயுறுவதைச் சொல்லிவிடுதல் முதற்கடமை.