உங்களுக்குத் தெரியுமா? ஓட்டே போடாமல் மூன்று எம்.பி.க்கள்!

1952, 1957, 1962 பொதுத் தேர்தல்களில் அந்தமான் நிக்கோபார் மக்களுக்கு ஓட்டில்லை, அவர்களுடைய எம்.பி.யைக் குடியரசுத் தலைவரே நியமித்தார். தீவுகள் சிதறிக் கிடந்ததால் தேர்தல் நடத்த முடியவில்லை என்று காரணம் சொல்லலாம். ஆனால் பனி மூடுவதற்குள் முடிக்க வேண்டுமென்று, அதே முதல் தேர்தலுக்காக 1951 அக்டோபரிலேயே இமாசலத்தின் சினி கிராமத்துக்கு ஓட்டுப்பெட்டி போய்விட்டதே! மக்கள்தொகை குறைவு என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு: 1951 கணக்கெடுப்பில் சுமார் 31,000 பேர்தான். 1961இலும் 64,000ஐ எட்டவில்லை. ஆனாலும் 1967இல் தேர்தல் நடந்தது, காங்கிரசின் கே.ஆர். கணேஷ் வென்றார். ஆகவே தடை கடலும் அல்ல, தலைக்கணக்கும் அல்ல. டெல்லியின் தயக்கம்தான் என்று தோன்றுகிறது.

நியமனத்தால் ஒரு நன்மையும் விளைந்தது, அதை மறைப்பானேன்? முதல் எம்.பி. பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் நிக்கோபார் பழங்குடியைச் சேர்ந்தவர். 1967 முதல் 2024 வரை இத்தொகுதியில் வென்றவர்கள் நால்வர்தான்: கணேஷ், எட்டு முறை வென்ற மனோரஞ்சன் பக்தா, விஷ்ணுபத ராய், குல்தீப் ராய் சர்மா. இவர்களில் நிக்கோபாரி ஒருவர்கூட இல்லை. அதற்காக ஓட்டைக் குறை சொல்ல முடியாது. குடியேறியவர்களே பெரும்பான்மையாக உள்ள இடத்தில் ஒரே ஒரு எம்.பி. தொகுதி மட்டும் இருப்பதுதான் சிக்கல். சட்டமன்றமும் அங்கே இன்றுவரை கிடையாது.