உணவு விடுதியில் ஒழுகும் முறை

பசி எல்லா உயிர்க்கும் பொது. உடன் உண்பார் மனம் கோணாதவாறு உண்ணும் முறையோ மாந்தர்க்கே உரியது. வீட்டில் நம்மோடு அமர்ந்து உண்போர் நம் உறவினர். உணவு விடுதியிலோ முன்பின் அறியாதார் பலர் நம் அருகே அமர்வர். ஆதலின், அங்கே நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில உள. வெளியிலிருந்து உணவு கொண்டு சென்று அங்கே உண்ணலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

இதனைக் கடுமையான விதி என்று கருதுவோர் உளர். விடுதியில் நாம் கொடுக்கும் விலை சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டும் உரியதன்று. இடத்தின் வாடகை, விளக்கு, தண்ணீர், இலை, பரிமாறுவோர்க்கும் மேசை துடைப்போர்க்கும் தரும் ஊதியம் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். வெளியில் வாங்கிய பொட்டலத்தை அங்கே பிரித்து உண்பவன் இவற்றையெல்லாம் விலை கொடாமல் நுகர்கின்றான். பசியோடு காத்து நிற்கும் ஒருவரின் இருக்கையையும் அடைத்துக் கொள்கின்றான்.

பிறர் மனம் நோவாமையும் எண்ணத்தக்கது. மரக்கறி உணவு விடுதிக்கு வருவோருள் பலர், அங்கே புலால் இராது என்று நம்பியே வருகின்றனர். ஒருவர் தாம் கொணர்ந்த மீன் வறுவலை அவ்விடத்தில் பிரித்தால், அருகிருப்போர் இலையைவிட்டு எழவும் நேரும். மீன் இழிந்த உணவு என்பது இதன் பொருளன்று; நம்பி வந்தவரின் நம்பிக்கையைக் கெடுத்தலே பிழையாகும்.

சிங்கப்பூரில் உணவங்காடி நிலையங்கள் பல உள்ளன. சீனர், மலாய்க்காரர், தமிழர் முதலியோர் நடத்தும் கடைகள் ஒரே கூரையின்கீழ் அமைந்திருக்கும். மேசைகளோ அனைவர்க்கும் பொது. ஆதலின், எக்கடையில் வாங்கிய உணவையும் எம்மேசையிலும் வைத்து உண்ணலாம். ஆயினும், இசுலாமியரின் உணவு நெறியை மதித்து, அவர்தம் உணவுக்குரிய தட்டுகளைத் திருப்பி வைக்கத் தனியிடம் உண்டு. இத்தகைய விட்டுக்கொடுப்பே பல இனத்தாரையும் ஒரு மேசையில் அமரச் செய்கின்றது.

எம்முறைக்கும் விலக்கு உண்டு. திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. குடிநீரை விலையின்றித் தருதல் வேண்டும் என்பதையும், பெற்றோர் தம் குழந்தைக்கு வேண்டிய உணவைக் கொண்டு வரலாம் என்பதையும் அப்போது அது குறித்தது. உணவு விடுதியிலும் இந்நெறி பொருந்தும். குழந்தையின் பாலையும் நோயாளியின் கஞ்சியையும் மறுக்க எந்த நல்ல விடுதியாளரும் எண்ணார்.

மாணவர்களே! அத்தகைய தேவை நேருமாயின், பொட்டலத்தைப் பிரிக்கும் முன் விடுதியாளரிடம் இன்சொல்லால் இசைவு கேளுங்கள். அவர் மறுப்பின், சினவாது வெளியே சென்று உண்ணுங்கள். அருகே அமர்ந்திருப்பவரும் நம்மைப் போலவே பசித்து வந்தவர் என்பதை மறவாதிருத்தலே உணவு விடுதியில் ஒழுகும் முறையாகும்.