அதிரும் தெருவில் அதிராத இசைத்தட்டு

நீங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. அந்தச் சமயத்தில் கூடத்தில் ஓர் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஊசி துள்ளும், பாட்டில் ஒரு வரி தாண்டிப் போகும், தட்டில் கீறலும் விழலாம்.

கப்பலில் வேலை பார்த்த உங்கள் தாத்தா வாங்கி வந்த பழைய டர்ன்டேபிள் பரணில் கிடைத்தது என்று கொள்வோம். அதன் கை உடைந்திருக்கிறது, ஊசியும் இல்லை. கூடவே ஓர் எல்.பி. தட்டு: 1963-ல் வெளிவந்த, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம். அதே தட்டு வேறிடத்தில் கிடைக்கலாம். ஆனால் உறைமேல் உங்கள் பாட்டி தம் கையால் பெயர் எழுதிவைத்த தட்டு இது ஒன்றுதான். இதற்கு எந்தக் கையைப் பொருத்துவது? எந்தக் கார்ட்ரிட்ஜை மாட்டுவது? கடைக்காரரைக் கேட்கும் முன் இயற்பியலைக் கேட்போம், வாருங்கள்.

இரண்டு கிராம், மூன்று டன்

எல்.பி. தட்டின் வரிப்பள்ளம் சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலமே உடையது. நம் தலைமுடியை விடக் குறுகல். அதில் வைர ஊசி சுமார் 2 கிராம் எடையுடன் அமர்கிறது. இது மிகக் குறைவு என்றுதானே எண்ணுகிறீர்கள்? ஒரு சதுர மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போடுங்கள். அதில் 60 பங்குதான் ஊசி தொடும் பரப்பு என்று கொண்டால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று டன்னைத் தாண்டும்! அப்படியானால் எடையை மேலும் குறைக்கலாமா? கூடாது. ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு விலகி, மீண்டும் வந்து மோதும். அந்த மோதல்தான் பள்ளத்தை அதிகமாகச் செதுக்குகிறது.

ஒரே படகில் இருவர்

1961-ல் அமெரிக்காவின் எட்கர் வில்சர் ஏ.ஆர். எக்ஸ்.ஏ. என்னும் டர்ன்டேபிளை வடிவமைத்தார். தட்டு சுழலும் மேடையையும் ஊசியைத் தாங்கும் கையையும் ஒரே உள்சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை மூன்று சுருள்வில்களில் தொங்கவிட்டார். பின்னர் சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டி.டி. 150, ஸ்காட்லாந்தின் லின் எல்.பி. 12 ஆகியவையும் இவ்வழியிலேயே வந்தன.

இதன் சூட்சுமம் என்ன? காசிமேட்டுக் கடலில் ஒரே படகில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஊசியைப் பிடிக்க மற்றவர் நூல் கோத்துவிடலாம். ஒருவர் படகிலும் மற்றவர் படகுத்துறையிலும் இருந்தால் முடியுமா? தட்டும் கையும் ஒன்றாக ஆடினால் ஊசிக்கு அந்த ஆட்டம் தெரியாது.

வில்களின் வேலையை நீங்களே பார்க்கலாம். ஒரு ரப்பர் பட்டையில் பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பூட்டும் கையோடு வரும். மிக வேகமாக அசையுங்கள். பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரண்டிற்கும் நடுவே ஒரு வேகத்தில் பூட்டு தாறுமாறாகத் துள்ளும். அதுவே ஒத்ததிர்வு.

டர்ன்டேபிளின் ஒத்ததிர்வெண்ணை அளவுகோலாலேயே மதிப்பிடலாம். உள்சட்டத்தின் பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 2 சென்டிமீட்டர் அமுங்கினால் சுமார் 3.5 ஹெர்ட்ஸ். கனரக வாகனங்கள் தரையில் எழுப்பும் அதிர்வு பெரும்பாலும் 5 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதில் 12 ஹெர்ட்ஸ் அதிர்வை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தட்டை எட்டும். லாரி தோற்றது!

ஆனால் கர்வப்பட வேண்டாம். மனிதன் நொடிக்கு இரண்டடி எடுத்து வைக்கிறான். அந்த அசைவு 3.5 ஹெர்ட்ஸுக்கு அருகே விழுகிறது. லாரிக்கு அஞ்சாத டர்ன்டேபிள், ஆடும் மேசைமேல் இருந்தால் தம்பி குதித்து ஓடும்போது துள்ளிவிடும். சுவரில் உறுதியாக அடித்த பலகையே அதற்கு ஏற்ற இடம்.

இரண்டாவது வில்

கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒரு வில் உண்டு. ஊசியைத் தாங்கும் நுண்தண்டு ரப்பர் போன்ற பொருளில் ஊன்றியிருக்கிறது. கையும் கார்ட்ரிட்ஜும்தான் அதன் பூட்டு. தட்டு வளைந்திருந்தால் ஊசி மெதுவாக ஏறி இறங்கும். அப்போது கையும் கூடவே போகவேண்டும். பாட்டின் அதிர்வுகளோ வேகமானவை. அப்போது கை அசையாமல் நிற்க, ஊசி மட்டும் ஆடவேண்டும். அந்த ஆட்டமே மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகிறது.

தட்டின் வளைவுகள் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. நாம் கேட்கும் ஒலி 20 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஆகவே கையின் ஒத்ததிர்வெண் இரண்டுக்கும் நடுவே, 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அது சட்டத்தின் 3.5 ஹெர்ட்ஸிலிருந்தும் தள்ளியே இருக்கிறது. கணக்கு இதோ:

அதிர்வெண் = 159 ÷ √(மொத்த நிறை × நெகிழ்வு)

மொத்த நிறை என்பது கையின் பயனுறு நிறை, கார்ட்ரிட்ஜ், திருகுகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, கிராமில். பயனுறு நிறை என்பது தராசில் காட்டும் எடையன்று. ஊசி முனையில் உணரப்படும் நிறை. கையின் நுனியில் சேர்க்கும் ஒரு கிராம், அச்சின் அருகே சேர்க்கும் ஒரு கிராமைவிடப் பன்மடங்கு உறைக்கும். நெகிழ்வு என்பது ஒரு மில்லிநியூட்டன் விசைக்கு ஊசி எத்தனை மைக்ரோமீட்டர் விலகுகிறது என்பது.

கை 12, கார்ட்ரிட்ஜ் 6, திருகு 1; மொத்தம் 19 கிராம். நெகிழ்வு 12 என்றால் விடை 10.5 ஹெர்ட்ஸ். நல்ல ஜோடி! அதே கையில் நெகிழ்வு 30 உள்ள கார்ட்ரிட்ஜை மாட்டினால் 6.7 ஹெர்ட்ஸ். வளைந்த தட்டில் கை ஊஞ்சலாடும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 6 கிராம் கை வேண்டும். அப்போது 8 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மிருதுவான ஊசிக்கு லேசான கை. விறைப்பான ஊசிக்குக் கனத்த கை. இவ்வளவுதான் விதி.

வாங்கும் முன்

முதலாவது, காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜ் சில மில்லிவோல்ட் தரும். கம்பிச்சுருள் அசையும் வகைகளில் பல அதில் பத்தில் ஒரு பங்கே தருவதால், கூடுதல் பெருக்கி தேவை.

இரண்டாவது, ஜப்பானிய நிறுவனங்கள் பல, நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து குறிக்கின்றன. 10 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ இரு மடங்காகலாம். டெனான் டி.எல். 103 கார்ட்ரிட்ஜின் 5 என்ற எண் இவ்வாறு அளந்ததே.

மூன்றாவது, பழைய கையைவிடக் கனத்த கையை ஏற்றினால் உள்சட்டம் ஒரு பக்கம் சாயும். வில்களைத் திருகி மட்டம் பார்த்த பிறகே தட்டை வையுங்கள்.

நான்காவது, 78 சுற்றுத் தட்டுகளின் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியை அதில் இறக்காதீர்கள்.

இனி ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். கையின் நிறை 10, கார்ட்ரிட்ஜ் 7, திருகு 1, நெகிழ்வு 14. பாட்டியின் தட்டை இந்த ஜோடியை நம்பி வைக்கலாமா? கணக்கிட்டுப் பாருங்கள். விடை 10 ஹெர்ட்ஸ் வந்தால், ஊசியை இறக்குங்கள். வெளியே லாரி போனாலும் சுப்ரபாதம் நிற்காது.