பேட்டரி மீது பழி போடாதீர்கள்!

மடிக்கணினி இன்று அலுவலகத்துக்கு மட்டும் உரிய பொருளன்று. பிள்ளைகளின் படிப்பும், வாப்பாவின் கடைக் கணக்கும், வீட்டிலிருந்தே பணிபுரியும் மருமகளின் வேலையும் அதில்தான் நடைபெறுகின்றன. அண்மைக் காலமாக அதனுடன் இன்னொரு சிறு பெட்டியும் பல வீடுகளில் மேசையேறியுள்ளது. அதன் பெயர் டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக, டாக். பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், இணையக் கேபிள் ஆகிய அனைத்தையும் இப்பெட்டியில் செருகிவிட்டு, ஒரேயொரு கேபிளை மட்டும் மடிக்கணினியில் இணைத்தால் போதும். மின்சாரமும் அதே கேபிள் வழியாக வந்துவிடும்.

வசதிதான்; ஆனால் இந்த வசதி ஒரு குழப்பத்தையும் உடன் கொண்டு வந்துள்ளது. காலையில் நூறு விழுக்காடு இருந்த பேட்டரி, டாக்குடன் இணைந்திருக்கும்போதே மாலையில் இருபதுக்கு இறங்கிவிடுகிறது. சில வேளைகளில், மின் இணைப்பு உள்ளது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. பழுது பார்க்கும் கடைக்குச் சென்றால் பெரும்பாலும் காதில் விழும் முதற்சொல் "பேட்டரி போய்விட்டது" என்பதே. அடுத்த சொல் "மதர்போர்டு". முன்னதற்குச் சில ஆயிரம் ரூபாய். பின்னதற்கு அதனினும் மிகுதி. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பத்திற்கு இது சிறிய தொகையா? அப்பணத்தை எடுத்து வைக்குமுன் உங்கள் மேசையிலேயே நீங்கள் செய்து பார்க்கத்தக்க சோதனைகள் உள்ளன.

முதற் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. டாக்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மடிக்கணினியுடன் வந்த சொந்தச் சார்ஜரை நேரே அதில் செருகி அரைமணி நேரம் விடுங்கள். சார்ஜ் ஒழுங்காக ஏறினால் பேட்டரியும் மதர்போர்டும் பெரும்பாலும் குற்றமற்றவை. டாக்கையும் அதன் கேபிளையும் அடாப்டரையுமே விசாரிக்க வேண்டும். நேரே செருகியும் ஏறவில்லையெனில் டாக்கைக் குறை கூறிப் பயனில்லை. சார்ஜரையும் மடிக்கணினியையும் கடையில் காட்டுவதே முறை.

டாக் ஏன் இவ்வாறு ஏமாற்றுகிறது? முற்காலத்து டாக்குகளில் இத்தொல்லை குறைவு. 1992 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தனது பவர்புக் டுயோ மடிக்கணினிக்கென ஒரு டாக்கை வெளியிட்டது. வீடியோ கேசட்டை நுழைப்பதுபோல் மடிக்கணினியையே அதனுள் நுழைக்க வேண்டும். அந்த மடிக்கணினிக்கு அந்த டாக். வேறெதுவும் அதனுள் போகாது. 2014 இல் யுஎஸ்பி-சி என்னும் நீள்வட்ட முனை வெளிவந்த பின்னர் நிலைமை மாறிற்று. ஒரு நிறுவனத்தின் டாக் இன்னொரு நிறுவனத்தின் மடிக்கணினியிலும் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் முனை சேர்ந்துவிட்டதால் மின்திறனும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

கேபிள் செருகப்பட்டவுடன் டாக்கும் மடிக்கணினியும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. தன்னால் எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தர இயலும் என்பதை டாக் அறிவிக்கிறது. அதற்கு உட்பட்டு மடிக்கணினி கேட்டுப் பெறுகிறது. இம்முறைக்கு பவர் டெலிவரி என்று பெயர். இதன் உச்ச அளவு நெடுநாள் 100 வாட்டாக இருந்து, 2021 இல் 240 வாட்டாக உயர்த்தப்பட்டது. இது விதியின் உச்சமேயன்றி உங்கள் டாக்கின் உச்சமன்று.

உங்கள் டாக்கின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் அவுட்புட் என்று அச்சிட்டிருக்கும் வரியைத் தேடுங்கள். அங்குள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 4.5 ஆம்பியர் என்றால் 90 வாட். பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்தாலும் போட்டுவிடும். மடிக்கணினியின் சொந்தச் சார்ஜரிலும் இவ்வாறே பார்த்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. நடுவில் நிற்பவர் தம் பங்கை எடுத்துக்கொண்டுதானே மீதியை அனுப்புவார்? டாக்கும் அப்படியே. தன் வேலைக்கும், தன்னில் செருகிய ஹார்டுடிஸ்க் முதலானவற்றுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்கிறது. சொந்த அடாப்டர் இல்லாத சிறிய டாக்கில் உங்கள் 65 வாட் சார்ஜரையே செருகுகிறீர்கள் எனக் கொள்வோம். அது 15 வாட்டைத் தனக்கென வைத்துக்கொண்டால் மடிக்கணினிக்கு எஞ்சுவது 50. கடிதம் தட்டச்சு செய்யும்போது அது போதும். பேட்டரியும் மெல்ல ஏறும். வீடியோ தொகுப்பு போன்ற கனமான வேலை தொடங்கினாலோ அந்த 50 போதாமல், குறைவதைப் பேட்டரி ஈடுசெய்ய நேரிடுகிறது. செருகியிருந்தும் சார்ஜ் இறங்கும் விந்தைக்கு இதுவே விடை.

சொந்த அடாப்டருடன் வரும் பெரிய டாக்குகளிலும் அடாப்டரின் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. டெல் நிறுவனத்தின் டபிள்யூடி19 டாக்கை 180 வாட் அடாப்டருடன் வாங்கினால், அந்நிறுவன மடிக்கணினிகளுக்கு 130 வாட் வரை தரும். பிற நிறுவனத்தாருக்கு 90 வாட்டே கிட்டும். ஆகவே டாக்கை வாங்கும்போது, "மடிக்கணினிக்கு எத்தனை வாட் போகும்?" என்றே கேளுங்கள்.

அடுத்து விசாரிக்க வேண்டியது கேபிள். யுஎஸ்பி-சி கேபிள்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரையே தாங்கும். அதற்கு மேல் செல்ல, முனையில் அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். டாக்கின் கேபிளைப் பிள்ளைகள் கைப்பேசிக்கு எடுத்துச் செல்வதும், கைப்பேசிக் கேபிள் டாக்கில் வந்து அமர்வதும் நம் இல்லங்களில் அன்றாட நிகழ்ச்சி அல்லவா! மடிக்கணினியின் எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் சார்ஜ் ஏற்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஒன்றில் ஏறாவிடில் மற்றொன்றில் செருகிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் டாக் திடீரென மின்சாரம் தர மறுத்தால், மடிக்கணினியை அணைத்து, டாக்கின் மின் இணைப்பையும் பிடுங்கி, ஓரிரு நிமிடம் கழித்து மீண்டும் இணையுங்கள். பேச்சுவார்த்தை புதிதாகத் தொடங்கும். பல தொல்லைகள் இத்துடன் ஒழியும். ஒழியாவிட்டால் டாக்கைத் தயாரித்த நிறுவனம் வெளியிடும் மென்பொருள் திருத்தங்களை ஏற்றிப் பார்க்கலாம்.

சார்ஜ் 80 விழுக்காட்டில் நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் பழுதன்று. பேட்டரியின் ஆயுளைக் காக்கும்பொருட்டு மடிக்கணினியிலேயே வைக்கப்பட்ட வரம்பு அது, அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். கோடையில் மடிக்கணினி மிகச் சூடேறும்போதும் சார்ஜ் தானே நின்று, ஆறியபின் தொடரும். ஆனால் மடிக்கணினியின் அடிப்பாகமோ, விரலால் தடவும் டச்பேடோ புடைத்து எழுந்தால் அங்கே சோதனை எதுவும் வேண்டாம். அது பேட்டரி வீங்கியதன் அடையாளம், தீப்பிடிக்கவும் கூடும். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்திச் சரிசெய்ய முயலாமல் கடைக்காரரிடம் ஒப்படையுங்கள். இங்கு மட்டும் பழி பேட்டரியையே சேரும்.

துபாயிலிருந்தோ அபுதாபியிலிருந்தோ சபர் முடிந்து திரும்பும் மகன் டாக் கொண்டுவருவதுண்டு. அதன் பிளக்கில் மூன்று தட்டைக் கால்கள். நம் சுவர்ப் பிளக்கிலோ உருண்டைத் துளைகள். இடையில் செருகும் மாற்றுப் பிளக் தளர்ந்து ஆடினால் டாக் விட்டு விட்டு உயிர்பெறும். திரையும் அணைந்து அணைந்து எரியும். பெரும்பாலான அடாப்டர்களில் சுவருக்குச் செல்லும் வயரைத் தனியே கழற்றலாம். நம் நாட்டுப் பிளக் கொண்ட வயரை வாங்கி மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. சென்னை ரிச்சி தெருவில் பழைய டாக் வாங்குவோர், அதற்குரிய அடாப்டர்தானா என்பதை அங்கேயே பெருக்கிப் பார்த்து வாங்குங்கள்.