கணக்கில் ஏறாத நெல்லும் கணக்கில் ஏறாத மீனும்

விதை, உரம், தண்ணீர் ஆகியவற்றைப் போலவே புள்ளிவிவரமும் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும் ஒன்றாகும். கடலாடி வட்டத்திலுள்ள மாரியூர் போன்ற கடலோரக் கிராமங்களில் ஒரு பக்கம் மானாவாரி நெல்லும் மிளகாயும், மறுபக்கம் கடலும் உள்ளன. இரண்டிலும் கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகின்றது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதை இங்கு காண்போம்.

அடங்கல்

எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் உள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பதிவு செய்கின்றார். இது ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டுக்கு உரிய கணக்காகும். 2024ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் இப்பணி கைப்பேசி வழியே மின்னணு முறையிலும் தொடங்கப்பட்டு, வேளாண் கல்லூரி மாணவர்களும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். முறை எதுவானாலும், நீங்கள் மிளகாய் பயிரிட்டிருக்க அடங்கலில் நெல் என்றோ தரிசு என்றோ இருந்தால், வறட்சி நிவாரணம் கோரும்போது இடர்ப்பாடு நேரும்.

பயிர் அறுவடைப் பரிசோதனை

பரப்பு தெரிந்தால் போதாது. மகசூலும் தெரிய வேண்டும். ஊரிலுள்ள எல்லா வயல்களையும் அறுத்து எடை போட இயலாது. ஆகவே குலுக்கல் முறையில் சில வயல்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவ்வயலிலும் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள ஓர் இடம் எண் அட்டவணையைக் கொண்டு குறிக்கப்பட்டு, அறுத்து, அடித்து, எடை காணப்படுகின்றது. இதன் பரப்பு 25 சதுர மீட்டர். அதாவது ஒரு எக்டரில் 400இல் ஒரு பங்கு. எனவே தராசில் ஒரு கிலோ தவறினால் எக்டருக்கு 400 கிலோ தவறும்.

2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு இம்மகசூலை வைத்தே கணக்கிடப்படுகின்றது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு கிராமத்தில் நான்கு பரிசோதனைகள் நடத்தப்படுவதாகவும், உத்தரவாத மகசூல் எக்டருக்கு 2,000 கிலோ என்றும் கொள்வோம். நான்கிலும் 3 கிலோ கிடைத்தால் சராசரி மகசூல் 1,200 கிலோ; இழப்பு 40 சதவீதம். குறிக்கப்பட்ட வயலை விட்டுவிட்டு, கண்மாய் மடையை ஒட்டிய செழிப்பான வயலில் ஒரு பரிசோதனை நடந்து, அதில் 7 கிலோ கிடைத்தால் சராசரி 1,600 கிலோவாக உயரும். இழப்பு 20 சதவீதமாகக் குறையும். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 20,000 ரூபாய் எனில் 8,000 ரூபாய் கிடைக்க வேண்டிய இடத்தில் 4,000 ரூபாயே கிடைக்கும். இந்த நட்டம் ஒருவருக்கு அன்று, ஊர் முழுவதற்குமாகும்.

அப்படியானால் சாவியான வயலையே காட்டலாமே எனச் சிலர் எண்ணலாம். அதுவும் தீமையே. முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்டே உத்தரவாத மகசூல் அமைகின்றது. மகசூலைத் தொடர்ந்து குறைத்துக் காட்டினால், அதுவும் குறைந்து, உண்மையான வறட்சி ஆண்டில் இழப்பீடு கைக்கு எட்டாமல் போகும்.

கடலின் கணக்கு

1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதே மாதிரிக் கணக்கெடுப்பு முறையை மீனுக்கும் கையாளுகின்றது. தேர்ந்தெடுத்த நாட்களில் பணியாளர் இறங்குதளத்திற்கு வந்து, கரை சேரும் படகுகளில் சிலவற்றின் மீனை இனவாரியாகப் பதிவு செய்கின்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் மீன்பிடித் தடையால் மீன்வளம் பெருகியதா என்பதை இத்தகைய கணக்கே காட்ட முடியும்.

ஆனால் வீட்டுக் குழம்புக்குப் போகும் மீனும், பெண்கள் கரையோரத்தில் சேகரிக்கும் சிப்பி, நண்டு முதலியனவும் இறங்குதளத்திற்கு வருவதில்லை. பசிபிக் தீவு நாடுகளான கிரிபாட்டி, சமோவா போன்றவற்றிலும் இதே குறை உண்டு. அங்கு வீடுவீடாக நடத்தப்படும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் மூலமும் வீட்டு உபயோக மீனின் அளவு அறியப்படுகின்றது. கணக்கில் வராத உழைப்புக்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பது அரிது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விதைத்த பின் அடங்கலைப் பார்த்து, பயிரும் பரப்பும் சரியாக உள்ளனவா என உறுதி செய்து கொள்ளுங்கள். ஊடுபயிரையும் சொல்லுங்கள்.

2. உங்கள் வயல் பரிசோதனைக்குத் தேர்வானால், பணியாளர் வரும் வரை அதனை அறுக்காதீர்கள். அறுவடை நாளை முன்னதாகவே தெரிவியுங்கள்.

3. அளவு நாடாவும் தராசும் சரியாக உள்ளனவா எனப் பாருங்கள். நான்கு பேர் உடன் நின்று, எடையைக் குறித்து வையுங்கள்.

4. கடலுக்குச் செல்வோர், கணக்கெடுப்பவரிடம் பிடித்த அளவை உள்ளபடி கூறுங்கள்.

5. வீட்டுக் கணக்கெடுப்பின்போது, பெண்கள் சேகரிப்பதையும் தவறாமல் சொல்லுங்கள்.

வயலில் விளைந்ததும் வலையில் விழுந்ததும் உள்ளபடி ஏட்டில் ஏறினால்தான், பொய்த்த பருவத்தில் அந்த ஏடு உங்களுக்குக் கைகொடுக்கும்.